பவுனுக்கு ஒரு வயிற்றுப்பை

மே 9

செண்பகம் இன்று மருத்துவமனை வேலை முடிந்து வரும்போது கம்பளிச் சட்டையைக் கழற்றி, அதில் எதையோ சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வெளியே பல் கிட்டும் குளிர்; இந்த நாட்டில் மே என்றால் குளிர்காலத் தொடக்கம். பூனை என்றால் வாசலோடு சரி என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். பூனை இல்லை. முகத்துக்குப் பொருந்தாத இரண்டு பெரிய காதுகள் முதலில் தெரிந்தன. பிறகு இரண்டு கறுப்புக் கண்கள். கங்காருக் குட்டி.

"ஹைவேல தாய் அடிபட்டுக் கெடந்துது. வண்டிய நிறுத்திப் பாத்தேன். வயித்துப் பை அசைஞ்சுது."

"செத்த மிருகத்தோட பைக்குள்ளயா கைய விட்ட?"

"பிரசவ வார்டுல இருவது வருசம் நின்னவ நான். எங்க கைய விடணும்னு எனக்குத் தெரியாதா?"

விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். திருநெல்வேலியில் இருபத்திரண்டு வருடம் பைப்பாலூட்டிகள் பாடம் நடத்தினேன். ஃபார்மலின் ஜாடியில் மிதந்த ஒரு குட்டிதான் எனக்கும் இந்த நாட்டுக்கும் இருந்த ஒரே உறவு. துறைத் தலைவர் நாற்காலியை என்னைவிட ஏழு வயது இளையவனான நமச்சிவாயத்துக்குக் கொடுத்தார்கள். அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். செண்பகத்துக்கு ஆஸ்திரேலியாவில், இந்த டூவூம்பா ஊரில், செவிலியர் வேலை கிடைத்தது. எட்டு வருடமாக இங்கே இருக்கிறோம். கங்காரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எதற்கும் கங்காரு தெரிந்த ஆள் தேவைப்படவில்லை. ஊரில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் உயிரியல் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

காட்டுயிர் மீட்புக் குழுவுக்குச் சொல்லியாயிற்று. நாளை வந்து எடுத்துப் போவார்கள். நல்லது.

மே 10

எடுத்துப் போகவில்லை.

வந்த பெண்ணின் பெயர் லொரெய்ன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளாம். மீட்புக் குழுவும் அவள் பொறுப்புத்தான். குட்டியைத் தூக்கி எடை பார்த்தாள். பெண் குட்டி, சாம்பல் கங்காரு, மெல்லிய ரோமம் இப்போதுதான் முளைத்திருக்கிறது என்றாள். வளர்ப்பவர்கள் எல்லோர் வீட்டிலும் குட்டிகள் நிரம்பிவிட்டனவாம். இடம் கிடைக்கும்வரை அவளுடைய உரிமத்தின் கீழ் நாங்கள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?"

சொன்னேன். அவரைக்கொட்டை அளவில் கண் திறக்காமல் பிறந்து, முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்வதிலிருந்து ஆரம்பித்தேன். பைக்குள் இருக்கும் சின்னக் குட்டிக்கு ஒரு காம்பில் ஒரு வகைப் பால், வெளியே திரியும் பெரிய குட்டிக்குப் பக்கத்துக் காம்பில் வேறு வகைப் பால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் சுரக்கும் அதிசயம்வரை போனேன். அரை மணி நேரம். லொரெய்ன் கொட்டாவி விடாமல் கேட்டாள். பிறகு என் கையில் ஈரப் பஞ்சைக் கொடுத்தாள்.

"அருமை, டாக்டர். பால் குடித்ததும் அடியில் துடைத்துவிடுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் இவற்றுக்குச் சிறுநீர் வரும்."

எனக்குத் தெரியாதா? தேர்வில் கேட்டிருக்கிறேன். இரண்டு மதிப்பெண்.

கிளம்பும்போது சொன்னது: சூடு, இருட்டு, அமைதி. தூக்குவது நீங்கள் இருவர் மட்டும். யாரிடமும் காட்டாதீர்கள். இந்த வகைக் குட்டி பயத்திலேயே நோயில் விழுந்து செத்துப்போகும்.

மே 11

துடைத்தேன். வந்தது. என் சட்டையின் மேல்.

மே 18

லொரெய்ன் கொடுத்த துணிப்பைகள் பத்தவில்லை. நாளுக்கு நான்கைந்து மாற்ற வேண்டியிருக்கிறது. செண்பகம் பழைய நூல் சேலைகளைக் கிழித்து உள்பை தைக்கிறாள். அதற்கு வெளியே கம்பளிப் பை. எல்லாவற்றையும் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டால் குட்டி தலைகீழாகப் பாய்ந்து, உள்ளே கரணம் அடித்துத் திரும்பி, மூக்கை மட்டும் வெளியே நீட்டும். சில சமயம் தலைக்குப் பதில் கால் நீட்டும். எது எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

பெயர் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். காட்டுக்குத் திரும்ப வேண்டிய உயிர். செண்பகம் பவுனு என்று கூப்பிடுகிறாள். இந்த வீட்டில் என் பேச்சு எடுபட்ட நாள் எது?

மே 30

காலை வகுப்பு. பவுனு தனியே இருந்தால் பல்லை நறநறவென்று கடிக்கிறது. அதனால் பையைக் கழுத்தில் மாட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். பாதி வகுப்பில் ஸ்வெட்டர் கழுத்து வழியாக ஒரு காது எட்டிப் பார்த்தது.

"சார், உங்க தாடிக்குக் கீழ என்னமோ இருக்கு சார்."

"பாடத்தைக் கவனி."

"பாடத்தைத்தான் சார் கவனிக்கோம். அது ஆடுது."

இந்தத் தலைமுறைக்கு ஒழுக்கம் கிடையாது. வகுப்பு முடிந்தும் ஒருவனும் கிளம்பவில்லை. பைப்பாலூட்டிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். இது பாடத்திட்டத்தில் அரைப் பக்கம்கூட இல்லை.

ஜூன் 13

பரஞ்சோதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சென்ற பொங்கல் விழாவில், கங்காருக் குட்டி பைக்குள்ளேயே பிறக்கிறது என்று மேடையில் முழங்கினார். எழுந்து திருத்தினேன். மைக்கை அணைத்துவிட்டு, "நயினார் சார் பாடத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சிக்குவோம், தூக்கம் நல்லா வரும்" என்றார். நூற்றைம்பது பேர் சிரித்தார்கள். யார் யார் என்று என்னால் சொல்ல முடியும்.

இன்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்: "நயினார் சார் வீட்டில் விசேஷம்! பெண் குழந்தை! எப்போது பார்க்க வரலாம்?" கீழே நாற்பது சிரிப்பு முகங்கள்.

பதில் எழுத நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது செண்பகம் எழுதிவிட்டாள்: "சனிக்கிழமை எல்லாரும் வாங்க."

"லொரெய்ன் சொன்னது மறந்துட்டுதா?"

"அஞ்சு நிமிசம் தள்ளி நின்னு பாத்துட்டுப் போவாங்க. கேசரி கிண்டுதேன்."

இந்த எட்டு வருடத்தில் குழந்தை பார்க்க எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறோம். ஊரிலும் அப்படித்தான். வெள்ளிக் கிண்ணம் வாங்குவது, பெட்டியில் ரிப்பன் கட்டுவது எல்லாம் அவள். எங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. அதற்கான காரணத்தை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 20

எல்லாம் முடிந்து எழுதுகிறேன்.

என் ஏற்பாடு தெளிவாக இருந்தது. பவுனு உள்ளறையில். கதவு பாதி திறந்திருக்கும். ஒருவர் ஒருவராக வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, போய்க் கேசரி சாப்பிட வேண்டியது. நான் கதவில் கையை நீட்டி நின்றுகொண்டேன்.

இருபது பேருக்கு மேல் வந்தார்கள். வெள்ளிக் கொலுசு, பூப்போட்ட கவுன், கிரைப் வாட்டர், குழந்தை சோப்பு, பவுடர், கிலுகிலுப்பை. "சுகப் பிரசவந்தானே செண்பகம்க்கா?" என்று ஒருத்தி கேட்க, வீடே சிரித்தது. செண்பகம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அது பெட்டியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

பரஞ்சோதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மூக்கு அப்படியே நயினார் சாரு. கோவத்துல விடைக்குது பாருங்க."

"நீங்க சும்மா இருங்க" என்று அவருடைய மனைவி அமுதா அதட்டினாள். பிறகு கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள். "கொண்டாங்கக்கா. பச்சப்புள்ளைய மடியில வாங்காம எப்படிப் போறது?"

செண்பகம் என்னைப் பார்த்தாள்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் இருக்கும் தமிழர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். நான் கையை இறக்கினேன்.

அமுதா மடி, அடுத்தவள் மடி, அதற்கடுத்தவள் மடி. நம் வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது என்றால் இதுதானே. ஒருத்தி கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். ஒருத்தி கற்பூரம் சுற்றினாள். சிறுவர்கள் கிலுகிலுப்பையை அதன் காதுக்குள்ளேயே ஆட்டினார்கள். பவுனு சத்தமே போடவில்லை. முன்னங்கைகளை நக்கிக்கொண்டே இருந்தது. "பாருங்க, எவ்வளவு சமத்து!" என்றார்கள்.

கங்காரு முன்னங்கையை நக்குவது சமத்து அல்ல. உடம்பு கொதிக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 21

பால் குடிக்கவில்லை.

ஜூன் 22

வயிற்றுப்போக்கு. கால்கள் நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். குடலில் ஒட்டுண்ணி பெருகியிருக்கிறதாம். பயந்துபோன குட்டிகளுக்கு அப்படி வருமாம். பிழைப்பது பாதிக்குப் பாதி.

லொரெய்ன் வந்தாள். பவுனைப் பார்த்தாள், மூலையில் கிடந்த கிலுகிலுப்பையைப் பார்த்தாள்.

"யாரிடமாவது காட்டினீர்களா?"

செண்பகம் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "ஆமாம். நான்தான் ஊரைக் கூட்டினேன். பெருமை காட்டிக்கொள்ள."

"படித்தவர் என்று நம்பினேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இப்போது இடம் மாற்றினால் வழியிலேயே போய்விடும். அதனால் இங்கேயே விட்டுப் போகிறேன். பிழைத்தால் நான் கொண்டுபோய்விடுவேன்."

அவள் போனதும் செண்பகம் கேட்டாள்: "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"எது பொய்? கதவுல நின்னது நாந்தானே."

அவள் துணி துவைக்கும் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தேநீர் கொண்டுபோனேன். குடிக்கவில்லை. "நமக்கு அந்த ராசி இல்லங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ராசியாவது மண்ணாவது. குடல்ல ஒட்டுண்ணி. அதுக்கு மருந்து இருக்கு. எந்திரி, பைய மாத்தணும்."

எழுந்தாள்.

ஜூன் 24

இன்னும் பிழைத்திருக்கிறாள். துளித்துளியாக, பஞ்சில் நனைத்து, உதட்டோரம். செண்பகம் விடுப்புப் போட்டிருக்கிறாள். நாங்கள் மாறி மாறிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறோம். வீட்டில் மிக்சி ஓடுவதில்லை, குக்கர் விசில் கிடையாது. இரண்டு நாளாகத் தயிர்சாதம்.

வகுப்பைக் கிசுகிசுத்து நடத்தினேன்.

"சார், மைக் ரிப்பேரா சார்?"

"இல்ல. உடம்பு சரியில்ல."

"உங்களுக்கா சார், அதுக்கா?"

"அவளுக்கு."

அதன் பிறகு அத்தனை பேரும் கிசுகிசுப்பாகவே கேள்வி கேட்டார்கள். ஐயாயிரம் கல் தொலைவில், கடல் தாண்டி இருப்பவர்கள் ஏன் கிசுகிசுக்க வேண்டும்? மூளையில்லாத பயல்கள்.

ஜூன் 26

காலையில் வாசலில் ஒரு கூடை புல். வேரோடும் மண்ணோடும் புதிதாகப் பிடுங்கியது. யார் என்று ஜன்னலில் பார்த்தேன். பரஞ்சோதி. காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, அந்தப் பருத்த உடம்போடு நுனிக்காலில் நடந்து போய்க்கொண்டிருந்தார். காலில் செருப்புக்கூட இல்லை, குளிரில். மருத்துவர் பச்சைப் புல் கேட்டார் என்று செண்பகம் அமுதாவிடம் சொல்லியிருக்கிறாள்.

புல்லில் பாதி களை. தரம் பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிகிறதா?

ஜூன் 29

மறுபடி புல். இன்று களை குறைவு.

கதவைத் திறந்துவிட்டேன். பரஞ்சோதி திருடன்போல் அப்படியே நின்றார்.

"எப்படி சார் இருக்கு?" உதடு மட்டும் அசைந்தது.

"குடிக்கிறா. கொஞ்சம்."

"நாங்க புள்ளன்னுதான் சார் நெனச்சோம். கங்காருன்னு நெனச்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம்."

உள்ளே வரச் சொல்லவில்லை. அவரும் வரவில்லை. புல்லை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 2

புழுக்கை உருண்டை! கெட்டியாக, கரும்பச்சையாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல. உள்ளங்கையில் வைத்துச் செண்பகத்திடம் கொண்டுபோனேன். கைதட்டினாள், சத்தம் வராமல். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பஞ்சு தேடப் போய்விட்டேன்.

புகைப்படம் எடுத்துப் பரஞ்சோதிக்கு அனுப்பினேன். தகவலுக்காகத்தான். அவர் அதைச் சங்கக் குழுவில் போட்டுவிட்டார். தொண்ணூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். தீபாவளி வாழ்த்துக்குக்கூட இத்தனை வந்ததில்லை.

ஜூலை 19

லொரெய்ன் எடுத்துப் போக வந்தாள். பவுனுவின் பை என் கழுத்தில் தொங்கியது. கையை நீட்டினாள். பவுனு உள்ளே கரணம் அடித்து எனக்கு முகத்தையும் அவளுக்குப் பின்பக்கத்தையும் காட்டினாள்.

எடை பார்த்தாள், ரோமத்தைத் தடவிப் பார்த்தாள், கண்ணிமையைப் புரட்டினாள்.

"வேறு கூட்டம் ஏதும் கூடியதா?"

"வாசலோடு ஒருத்தர் வருகிறார். செருப்பில்லாமல்."

"சரி, டாக்டர். டிசம்பர் கோடைவரை இருக்கட்டும்."

எனக்கு அவள்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது. ஆனால் கண்ணிமையைப் புரட்டிப் பார்க்கிற விதம் சரியாக இருந்தது.

செப்டம்பர் 6

குளிர் போய்விட்டது. இன்று பவுனு பையிலிருந்து தானே விழுந்தாள். விழுந்ததில் அவளுக்கே ஆச்சரியம். நான்கு காலிலும் தள்ளாடி, வாலை ஊன்றி, கொல்லையில் இரண்டு தாவல். மூன்றாவது தாவல் செண்பகத்தின் செடித்தொட்டிக்குள். எங்கோ ஒரு காகம் கரைந்ததும் ஓடி வந்து என் பையில் தலைகீழாகப் பாய்ந்தாள். கால்கள் வெளியே உதறின.

"மெதுவாடி! உங்கப்பா கழுத்து சுளுக்கிக்கிடும்" என்றாள் செண்பகம்.

திருத்தலாமா என்று யோசித்தேன். வேலை இருந்தது, விட்டுவிட்டேன்.

அக்டோபர் 25

புதினா, கறிவேப்பிலை, என் செருப்பின் வார். இன்றைய சேதம்.

நவம்பர் 22

பைக்குள் இப்போது அவள் பாதிதான் அடங்குகிறாள். தாய்க் கங்காரு இந்தக் கட்டத்தில் என்ன செய்யும் என்பதை வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். பையின் வாயில் ஒரு தசை உண்டு. குட்டி வளர்ந்ததும் தாய் அதை இறுக்கிக்கொள்ளும். குட்டி முட்டும், மோதும், கெஞ்சும். தாய் திறக்காது. தலையை மட்டும் நீட்டிப் பால் குடிக்கலாம், உள்ளே வரக் கூடாது. கொடுமை அல்ல, அதுவும் வளர்ப்புத்தான்.

கரும்பலகையில் ஒரு அம்புக்குறி போட்டுத் தசை என்று எழுதிவிட்டுப் போவேன். எவ்வளவு சுலபம்.

லொரெய்ன் தேதி சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 12

மலைச்சரிவில் ஒரு பண்ணை. உயரமான வேலிக்குள் பெரிய புல்வெளி. இவளைப்போலத் தாயில்லாமல் வளர்ந்த குட்டிகள் ஏழெட்டு அங்கே இருக்கின்றன. சேர்ந்து மேய்ந்து, ஒரு மந்தையாகப் பழகிய பிறகு வேலிக்கதவைத் திறந்துவிடுவார்களாம். தனிக் கங்காரு காட்டில் நிலைக்காது.

"பையைத் திறக்காதீர்கள்" என்றாள் லொரெய்ன். "ஒரு தடவை திறந்தால் அவள் மந்தையில் சேரமாட்டாள்."

பவுனு இறங்கினாள். முகர்ந்தாள். மற்ற குட்டிகள் தலை தூக்கிப் பார்த்தன. உடனே திரும்பி ஓடி வந்து பையில் பாய்ந்தாள்.

நான் பையின் வாயை மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முட்டினாள். மறுபடி முட்டினாள். என் விரலிடுக்கில் மூக்கை நுழைத்து ஊதினாள். செண்பகம் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். அவளைப் பார்த்தால் கை இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பவுனு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். துறைத் தலைவர் நாற்காலி விஷயத்தில் கல்லூரி முதல்வரை நான் பார்த்த பார்வை அது. அச்சு அசல். பிறகு தீவனத் தொட்டிப் பக்கம் போனாள்.

அங்கே ஒரு ஆண் குட்டி, இவளைவிடப் பெரியவன், தோளால் இடித்துத் தள்ளிவிட்டு இவள் பங்கைத் தின்றான். பவுனு வாலை ஊன்றி நிமிர்ந்து, இரண்டு கையாலும் அவன் மூக்கில் படபடவென்று அறைந்தாள். அவன் பின்வாங்கினான். அவள் விடவில்லை. தொட்டியைச் சுற்றித் துரத்தினாள். மற்ற குட்டிகளும் கூடவே ஓடின. சற்று நேரத்தில் எது அவள் என்றே தெரியாமல் ஒரே சாம்பல் நிறக் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அப்பா குணம் அப்படியே வந்திருக்கு."

"அவன்தான் முதல்ல இடிச்சான். நியாயம் எம் பொண்ணு பக்கம்" என்றேன்.

டிசம்பர் 13

காலையில் பண்ணைக்குப் போன் செய்து விசாரித்தேன். பவுனும் அந்தப் பயலும் ஒரே மர நிழலில் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களாம்.

அவள் மறந்திருக்கலாம். நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை.